கன்டெய்னருக்குள் 11 நிமிஷம்: எஸ்கேப் ரூமும் ஒரு கதவுக் கணக்கும்

2004-ல் சென்னையில் நைட் ஷிப்ட் வேலை. சர்வர் வேலை எதுவும் இல்லாத ராத்திரிகளில் டீம் முழுக்க ஒரே மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். ‘கிரிம்சன் ரூம்’ என்று ஒரு ஃப்ளாஷ் விளையாட்டு. சிவப்பு நிறத்தில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவு பூட்டியிருக்கும். அங்கே இங்கே கிளிக் செய்து சாவி, பேட்டரி, டப்பா என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெளியே வரவேண்டும். அவ்வளவுதான் கதை. ஜப்பானைச் சேர்ந்த தொஷிமித்சு தகாகி செய்தது. விடிகாலை 4 மணிக்கு அந்தக் கதவு திறந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, 2007-ல், கியோட்டோ நகரத்தில் தகாவோ காட்டோ என்பவர் இதையே நிஜ அறையில், நிஜ மனிதர்களை வைத்து நடத்தினார். அவருடைய ‘ஸ்க்ராப்’ நிறுவனம் தொடங்கிய அந்த ‘ரியல் எஸ்கேப் கேம்’தான் இன்றைக்கு ஊர் ஊராக இருக்கும் எஸ்கேப் ரூம்களுக்கு முன்னோடி. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு விளையாட்டு வெளியே வந்து செங்கல், மரம், இரும்பு என்று உடம்பு எடுத்த கதை இது. பொதுவாக எங்கள் தொழிலில் எதிர்த்திசையில்தான் நடக்கும்.

இந்தப் பதிவு அப்படி ஒரு அறைக்குள் போய்வந்த கதையும், அதன் பிறகு நான் போட்ட சில கணக்குகளும். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது ஆறு பேர்

போன மே மாதம். பெங்களூரிலிருந்து மச்சான் குடும்பம் புதுச்சேரிக்கு வந்திருந்தது. பீச் ரோடு, மணக்குள விநாயகர், ஆரோவில் எல்லாம் ரெண்டே நாளில் முடிந்துவிட்டது. “வித்தியாசமா ஏதாவது இருக்கா மாமா?” என்றான் மச்சான். ஊருக்குள்ளேயே ஒருத்தர் புதிதாக எஸ்கேப் ரூம் போட்டிருப்பதாக என் மகள் சொன்னாள். வழக்கமான அறை இல்லை, பழைய கப்பல் கன்டெய்னருக்குள்ளே. நானும் மனைவியும் மகளும், மச்சானும் அவன் மனைவியும் எட்டு வயசுப் பையனும். ஆறு பேருக்கு டிக்கெட் போட்டோம்.

20 அடி கன்டெய்னர் என்றால் உள்ளளவு கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். பெருக்கினால் 33 கன மீட்டர். அதை நடுவில் பிளைவுட் தடுப்பு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். விளையாட்டு உள் பாதியில் தொடங்கும். அதாவது ஆறு பேருக்கு 16 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் வீட்டு சின்ன பெட்ரூமில் பாதி. ஜன்னல் கிடையாது, ஒரு ஏசி மட்டும். மொபைல் எல்லாம் வெளியே லாக்கரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கதைக் களம்தான் என்னை உடனே இழுத்தது. 1910, புதுச்சேரி. பாரதி 1908-ல் இங்கே வந்த பிறகு ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் இங்கிருந்துதான் வெளிவந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் பத்திரிகையும் நின்றுபோனது. விளையாட்டில் நாம் கடைசிக் கட்டுப் பத்திரிகையோடு சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறோம். சோதனைக்காரர்கள் வருவதற்குள் வெளியே போகவேண்டும். 60 நிமிஷம். கற்பனைதான், ஆனால் ஊர்க் கற்பனை.

எண்களில் ஒரு வலை

ஒரு புதிரை மட்டும் சொல்லிவிடுகிறேன். (இப்போது மாற்றிவிட்டார்கள், அதனால் சொல்லலாம்.) ஒரு மரப்பெட்டியில் நாலு எண் பூட்டு. பக்கத்தில் ஒரு சரக்குப் பட்டியல், பிரெஞ்சில். அதில் இரண்டு எண்கள் எழுத்தால் எழுதியிருந்தன. கீழே தமிழில் உச்சரிப்பு: ‘காத்ர்-வேன்-தீஸ்-நேஃப்’, ‘சுவாசான்த்-சேஸ்’. சுவரில் ஒரு சின்ன அட்டவணையில் காத்ர் 4, வேன் 20, தீஸ் 10, நேஃப் 9, சேஸ் 16, சுவாசான்த் 60 என்று இருந்தது.

நாங்கள் 4, 20, 10, 9 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். எண்கள் அதிகமாகிவிட்டன, பூட்டில் இடமில்லை. கூட்டிப் பார்த்தோம், 43. வரவில்லை. கால் மணி நேரம் போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், பிரெஞ்சில் எண்பதுக்குத் தனிச் சொல் கிடையாது. ‘நாலு இருபது’ என்பார்கள். எழுபது என்பது ‘அறுபது-பத்து’. தொண்ணூற்றொன்பது என்றால் நாலு இருபது, அதோடு பத்து, ஒன்பது: 4 × 20 + 10 + 9 = 99. இன்னொன்று 60 + 16 = 76. பூட்டு எண் 9976. பெருக்குவதும் கூட்டுவதும் ஒரே சொல்லுக்குள் நடக்கிறது, குறி எதுவும் போடாமல். (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் பழைய இருபதடுக்குக் கணக்கை விடவில்லை.)

“ஆயா இருந்திருந்தா ஒரே செகண்ட்ல சொல்லியிருப்பாங்கப்பா” என்றாள் மகள்.

உண்மை. என் அம்மா சின்ன வயசில் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தாத்தா துறைமுகத்தில் எழுத்தர். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தபோது அம்மாவுக்கு நாலு வயசு. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பன்னிரண்டு. வாய்ப்பாடு பிரெஞ்சில்தான் மனப்பாடம். இப்போது நேற்று நடந்தது நினைவில் நிற்பதில்லை. வாய்ப்பாடு மட்டும் நிற்கிறது.

அம்மா அன்றைக்கு வீட்டில் இருந்தார். அது பற்றிப் பிறகு.

கதவு எப்படித் திறக்கிறது

பெட்டிக்குள் பித்தளையில் ஒரு அச்செழுத்துக் கட்டை. அதை மேசையில் ஒரு குழியில் வைத்தால் உள்கதவு திறக்கும். மாயம் ஒன்றுமில்லை. இந்த மாதிரி அறைகளில் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, பொருளுக்குள் சின்ன காந்தம், மேசைக்கு அடியில் ‘ரீட் ஸ்விட்ச்’. இது கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். இன்னொன்று, மெட்ரோ கார்டில் இருக்கிற மாதிரி ஆர்எஃப்ஐடி சில்லு. எதுவாக இருந்தாலும் சிக்னல் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டுக்குப் போகும். அது கதவின் பூட்டுக்கு ஆணை கொடுக்கும்.

பூட்டு என்பது மின்காந்தம். நிலையின் மேல்கட்டையில் காந்தம், கதவில் இரும்புத் தகடு. மின்சாரம் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாகக் கடைகளில் கிடைப்பது 280 கிலோ இழுவையைத் தாங்கும். தோளால் இடித்துத் திறக்க முடியாது. ஆனால் மின்சாரத்தை எடுத்துவிட்டால் அந்தக் கணமே வெறும் இரும்புத் துண்டு. கரண்ட் போனால் திறந்துகொள்ளும் பூட்டு, கரண்ட் போனால் பூட்டியே நிற்கும் பூட்டு என்று இரண்டு ஜாதி உண்டு. மின்காந்தப் பூட்டு முதல் ஜாதி. மனிதர்கள் உள்ளே இருக்கும் இடத்துக்கு இதுதான் சரி.

தியரி சரிதான். அன்றைக்கு நடந்தது வேறு.

கரண்ட் போனது

மேசைக் குழியைத் தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மே மாதம் சாயங்காலம், நம்ம ஊரில் அதிசயமில்லை. விளக்கு அணைந்தது, ஏசி நின்றது. சுவரில் சிவப்பு எண்களில் ஓடிய கடிகாரம் மட்டும் எரிந்தது, 23:41-ல் அப்படியே நின்றபடி. அது விளையாட்டில் ஒரு பகுதி என்றுதான் முதலில் நினைத்தோம். மகள் சிரித்தாள்கூட.

அந்த நின்ற கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரம் எரிகிறது என்றால் யூபிஎஸ் வேலை செய்கிறது. நகரவில்லை என்றால் கன்ட்ரோலர் ஹேங் ஆகிவிட்டது. யூபிஎஸ் வேலை செய்கிறது என்றால் பூட்டுக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் திறக்கவேண்டிய பூட்டை, கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டியில் செருகி வைத்திருக்கிறார்கள்!

கதவுப் பக்கத்தில் எமர்ஜென்சி பட்டன் இருந்தது. தடவிப் பிடித்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெரிந்தது: பட்டனின் வயர் நேராகப் பூட்டுக்குப் போகவில்லை, கன்ட்ரோலருக்குப் போயிருந்தது. பட்டன் அழுத்தப்பட்டதா என்று சாஃப்ட்வேர் பார்த்து, ‘சரி, திற’ என்று சொன்னால்தான் திறக்கும். சொல்லவேண்டியவன் தூங்கிவிட்டான். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டோம், பதில் இல்லை. அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டானாம்.

முதல் இரண்டு நிமிஷம் எல்லோரும் ஜோக் அடித்தோம். நாலாவது நிமிஷம் யாரும் பேசவில்லை. அஞ்சாவது நிமிஷம் பையன், “மாமா, காத்தே வரலை மாமா” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, விரல் எல்லாம் மரத்துப்போகிறது என்றாள். மச்சான் கதவை உதைத்தான். எனக்கும் நெஞ்சு படபடத்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

11 நிமிஷம். மச்சான் கையில் இருந்த வாட்ச் கணக்கு. அந்தப் பையன் திரும்பி வந்து, பதறிப்போய் யூபிஎஸ் பிளக்கையே பிடுங்கினான். ‘டக்’ என்று கதவு விட்டுக்கொடுத்தது.

மூச்சுக் கணக்கு

ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிஜமாகவே ஆபத்தில் இருந்தோமா?

லேசாக நடமாடும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுவார், 25 லிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்வார். ஆறு பேருக்கு 11 நிமிஷத்தில் 22 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. 16,000 லிட்டர் காற்றில் அது 0.14 சதவீதம் கூடுதல். மூடிய ஏசி மீட்டிங் ரூமில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வருகிற அளவுதான். ஆக்சிஜன் 20.9-லிருந்து 20.7-க்கு இறங்கியிருக்கும். காற்று துளியும் புகாத அறை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவுதான். முழு ஒரு மணி நேரம் அடைத்திருந்தால் 0.75 சதவீதம் ஏறும். தலை வலிக்கும், உயிர் போகாது.

அப்படியானால் ஏன் மூச்சு முட்டியது? இரண்டு காரணம். முதலாவது சூடு. ஒரு மனித உடம்பு சும்மா இருக்கும்போதே 100 வாட் வெப்பம் தருகிறது. ஆறு பேர் 600 வாட். ஏசி இல்லாத இரும்புப் பெட்டியில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. ‘காத்தே வரலை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றி இல்லை, இந்தப் புழுக்கம் பற்றித்தான். இரண்டாவது பயம். பயந்தால் வேக வேகமாக மூச்சு விடுவோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்குக் கீழே போய்விடும். விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்று குறைந்ததால் வந்தது இல்லை, காற்றை அதிகமாக இழுத்ததால் வந்தது.

ஆக, கணக்குப்படி நாங்கள் பத்திரமாகத்தான் இருந்தோம். ஆனால் இந்தக் கணக்கு எப்போது பத்திரமில்லாமல் போகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

1921 நவம்பர் 19. மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 கைதிகளை, பெரும்பாலும் மாப்பிள்ளைமார்களை, திரூரில் ஒரு மூடிய ரயில் சரக்குப் பெட்டியில் ஏற்றி வெளியே தாழ் போட்டார்கள். கோயம்புத்தூர் வழியாக பெல்லாரி சிறைக்கு. போத்தனூரில் கதவைத் திறந்தபோது பாதிக்கு மேல் இறந்து கிடந்தார்கள். மொத்தம் 70 பேர் செத்தார்கள் என்பது வரலாற்றில் நிற்கும் எண். காற்றுக்காக இருந்த கம்பி வலையைப் பெயின்ட்டும் தூசியும் அடைத்துக்கொண்டிருந்தது என்பது பிறகு விசாரணையில் வந்த விஷயம். ‘வேகன் டிராஜடி’ என்று அழைக்கப்படுகிறது.

அந்தப் பெட்டியின் அளவு வேறு. புரிவதற்காக எங்கள் 33 கன மீட்டர் கன்டெய்னரிலேயே 100 பேரைக் கற்பனையில் வையுங்கள். உடம்புகளே ஆறேழு கன மீட்டரை அடைத்துக்கொள்ளும். மிச்சக் காற்றில் மணிக்கு 2,000 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். ஒரே மணி நேரத்தில் 7 சதவீதத்தைத் தாண்டும். 10 சதவீதத்தில் சில நிமிஷங்களில் நினைவு தப்பும். வெப்பம் 10,000 வாட், பத்து அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் வைத்து நடுவில் நிற்பது மாதிரி. எண்களை எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இடம் சின்னதாக இருப்பது மட்டும் ஆளைக் கொல்வதில்லை. கதவு வெளியில் இருப்பவன் கையில் இருப்பதும், அவன் அங்கே இல்லாமல் இருப்பதும் சேர்ந்தால்தான் கொல்கிறது.

கதவு பற்றி உலகம் கற்றுக்கொண்டது

இதை உலகம் சாவுகள் வழியாகத்தான் கற்றிருக்கிறது. 1903 டிசம்பர் 30, சிகாகோவில் இராக்வாய் தியேட்டர் தீப்பிடித்தது. 602 பேர் இறந்தார்கள். உள்பக்கம் இழுத்துத் திறக்கவேண்டிய கதவுகள், பழக்கமில்லாத தாழ்ப்பாள்கள். கூட்டம் முட்டும்போது உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. நெருக்குகிறவர்களே பூட்டாகிவிடுவார்கள். அன்றைக்கு அந்த நாடகத்துக்குப் போகவேண்டியிருந்து போகாமல் தப்பித்தவர் கார்ல் பிரின்ஸ்லர். இரும்புச் சாமான் வியாபாரத்தில் இருந்தவர். ஹென்றி டூபான்ட் என்பவருடன் சேர்ந்து அவர் கொண்டுவந்ததுதான் ‘பேனிக் பார்’. மால், சினிமா தியேட்டர் கதவுகளில் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி பார்த்திருப்பீர்கள். உடம்பு மோதினாலே தாழ் விடுபடும். யோசிக்க வேண்டியதில்லை, சாவி வேண்டியதில்லை. 1908 முதல் விற்பனையில் இருக்கிறது.

எஸ்கேப் ரூமிலேயே அந்தப் பாடம் மறுபடி எழுதப்பட்டது. 2019 ஜனவரி 4, போலந்தின் கொஷாலின் நகரம். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயசுச் சிறுமிகள் ஐந்து பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ அவர்கள் அறைக்கு வெளியே, வரவேற்புப் பகுதியில், எரிவாயு கசிந்து தொடங்கியது. அவர்களால் வெளியே வர முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்டில் எஸ்கேப் ரூம்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பலவற்றை மூடினார்கள்.

ஹூடினியைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. தப்பிப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதர். தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கித் தப்பிக்கும்போது, மேடையில் அவருடைய உதவியாளர் கோடாலியோடு நின்றிருப்பார். எதாவது தப்பானால் கண்ணாடியை உடைக்க. அந்தக் கோடாலி இருந்ததால்தான் அது வித்தை. இல்லாவிட்டால் தற்கொலை.

நம் நாட்டு விதியும் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது: வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடியவேண்டும். ஒரே வரி.

மறுநாள் நான் அந்த எஸ்கேப் ரூமுக்குத் திரும்பப் போனேன். சண்டை போட இல்லை. நடத்துகிறவர் இருபத்தைந்து வயசுப் பையன், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “சார், யூபிஎஸ் போட்டா சேஃப்னு நெனச்சேன் சார்” என்றான். நானும் அவன் வயசில் அப்படித்தான் யோசித்திருப்பேன். இருவரும் உட்கார்ந்து வயரிங்கை மாற்றினோம். பூட்டு யூபிஎஸ்ஸில் இல்லை. எமர்ஜென்சி பட்டன் பூட்டுக்குப் போகும் மின்கம்பியிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தினால் கம்பி துண்டிக்கப்படும், நடுவில் சாஃப்ட்வேர் இல்லை. பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்று. 20 வருஷம் கோடு எழுதியவன் சொல்கிறேன்: மனுஷனுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் என் கோடு இருக்கக் கூடாது.

அன்றைக்கு வீட்டில்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிவை எழுதவைத்தது இதுதான்.

அம்மாவுக்கு இரண்டு வருஷமாக மறதி. போன வருஷம் ஒருநாள் நாங்கள் கவனிக்காதபோது கிளம்பிப்போய்விட்டார். மூன்று மணி நேரம் தேடி, கடைசியில் பாரதி பூங்காவில் ஒரு பெஞ்சில் கண்டுபிடித்தோம். “அப்பா ஆபீஸ் விட்டு வர்ற நேரம்” என்று உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு, வெளியே போகும்போது கிரில் கேட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தானே. டிவி போட்டுவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு.

அன்றைக்கும் அப்படித்தான். கன்டெய்னரிலிருந்து வெளியே வந்து, எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்து, ஆசுவாசப்பட்டு வீடு திரும்பினோம். எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. அம்மா இருட்டில், கிரில்லுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்தபடி. புடவை வியர்வையில் நனைந்திருந்தது.

“எவ்ளோ நேரமா தட்றேன். யாரும் இல்லையா?”

நான் சாவியைப் போட்டுத் திருப்பியபோது என் கை நடுங்கியது. கன்டெய்னரில்கூட அப்படி நடுங்கவில்லை. எங்களுக்கு 11 நிமிஷம். எங்களில் நாலு பேருக்காவது என்ன நடக்கிறது என்று புரிந்தது, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்ள முடிந்தது. அம்மா தனியாக, எத்தனை நிமிஷம் என்றுகூடத் தெரியாமல்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் எரிந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்து அன்றைக்கு ஆத்திரப்பட்டவன் நான். கட்டியவர்களும் ‘எங்கேயாவது போய்விடுவார்கள்’ என்றுதானே சொல்லியிருப்பார்கள்? நான் என்ன வேறு சொன்னேன்?

நியாயமாகச் சொன்னால் இது சுலபமான கேள்வி இல்லை. பூட்டாவிட்டால் அம்மா ரோட்டில் போய் அடிபடலாம். இந்த நிலைமையில் இருக்கும் எல்லா வீடுகளும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் கண்டுபிடித்த வழியை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படலாம்.

ஒன்று, வெளிப்பூட்டு நிறுத்தியாயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போவதில்லை. யாராவது ஒருவர் இருப்போம், அல்லது பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவார். சில கல்யாணங்களுக்கு ஒருத்தர் மட்டும்தான் போகிறோம். சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான்.

இரண்டு, கேட்டில் ஒரு ரீட் ஸ்விட்சும் காந்தமும். ஆமாம், எஸ்கேப் ரூம் மேசைக்கு அடியில் இருப்பதே. கேட் திறந்தால் வீட்டுக்குள் மணி அடிக்கும், என் மொபைலுக்கும் தகவல் வரும். சில நூறு ரூபாய்ச் சாமான். அம்மா கதவைத் திறக்கலாம். திறந்தால் எங்களுக்குத் தெரியும்.

மூன்று, ராத்திரி கேட் பூட்டு. திருட்டுப் பயத்துக்கு உள்பக்கம் பூட்டுகிறோம். சாவி முன்பு என் அலமாரியில், ஒரு டப்பாவுக்குள், சட்டைகளுக்கு அடியில். இப்போது கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. இன்னொரு சாவி அந்த அக்கா வீட்டில்.

அம்மாவிடம் மகள் அடுத்த நாள் பட்டியலைக் காட்டி, “ஆயா, காத்ர்-வேன்-தீஸ்-நேஃப்னா எவ்ளோ?” என்று கேட்டாள். “தொண்ணூத்தி ஒம்பது” என்றார் அம்மா, பூ கட்டிக்கொண்டே. முந்தின நாள் கேட்டில் உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இன்றைக்கு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மொபைலை எடுக்காமல், படுக்கையிலிருந்து எழுந்து வாசல் கேட்டைத் திறந்து தெருவில் கால் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை 2 நிமிஷம் 40 செகண்ட் ஆனது. டப்பாவைத் தேடியதிலேயே பாதி போய்விட்டது. ஆணி அடித்த பிறகு 20 செகண்ட்.